கறுப்புப் பட்டில் வெள்ளி ஓடை

மிசாவோவுக்கு மூக்கு பொல்லாதது. கல்யாணத்துக்குக் கிமோனோ கட்டிவிடும் பெண்கள் ஹமமாட்சு ஊரில் இருபது பேராவது இருப்பார்கள். ஒருத்திக்கும் அப்படி ஒரு மூக்கு கிடையாது. வாடகைத் துணியின் மடிப்பைப் பிரித்த மாத்திரத்தில், போன வாரம் இதைக் கட்டியவள் என்ன பவுடர் பூசினாள், விருந்தில் விலாங்கு மீன் சாப்பிட்டாளா, அக்குளில் எவ்வளவு வேர்த்தது என்பதெல்லாம் அவளுக்குத் தெரிந்துவிடும். தெரிந்து தொலைக்கும் என்று சொல்வதே சரி. முப்பத்தோரு வருடமாக அடுத்தவர் வேர்வையை முகர்ந்து பிழைப்பது ஒன்றும் பெருமைக்குரிய சங்கதி இல்லை.

அதிலும் கோடைக் கிமோனோ என்றால் கேட்கவே வேண்டாம். வலைபோலக் கண் விட்டு நெய்த ஒற்றைப் பட்டு அது. உள்ளே இருப்பது வெளியே தெரியும், உடம்பில் ஊறுவது துணியில் ஊறும். கழுத்துப் பட்டையில் மஞ்சள் படிந்திருக்கும். முதுகில் எவளோ ஒருத்தியின் ஆகஸ்ட் மாதம் திட்டுத் திட்டாக உலர்ந்திருக்கும். மிசாவோ மனசுக்குள் "சீ, சீ" என்று சொல்லிக்கொண்டே, முகத்தில் மட்டும் சிரிப்பை ஒட்டிக்கொண்டு கட்டிவிடுவாள்.

இப்பேர்ப்பட்ட மூக்கை வைத்துக்கொண்டுதான் அவள் அந்தக் கோடையில் ஏமாந்தாள்.

ஏமாற்றியவன் அகாஹோரி. நாற்பத்திரண்டு வயது, அப்பா விட்டுப்போன வாடகைக் கடை, பல்லைக் காட்டாமல் ஒரு வாக்கியம் பேச வராத ஆள். மே மாதம் ஒருநாள் அவளைக் கடைக்கு வரச் சொல்லி, ஒரு பெட்டியைத் திறந்து காட்டினான். கறுப்புக் கோடைப் பட்டு. முதுகில் ஒன்று, மார்பில் இரண்டு, கைகளில் இரண்டு என ஐந்து குலச்சின்னங்கள். கீழ் ஓரத்தில் சித்திரம். மணமக்களைப் பெற்றவள் கல்யாணத்தன்று உடுத்துவது.

சித்திரத்தைப் பார்த்ததும் மிசாவோ பெட்டியருகே மண்டியிட்டுவிட்டாள். விஷயம் என்னவோ பழையதுதான்: ஓடும் நீர், கரையில் ஐந்திதழ் மணிப்பூ, கொஞ்சம் நாணல். முந்நூறு வருடமாகக் கோடைத் துணியில் ஓடிக்கொண்டிருக்கும் அதே நீர். ஆனால் நெளிந்து ஓட வேண்டிய நீர் இங்கே அளவுகோல் வைத்து இழுத்தது போல நேர்க்கோடாக ஓடி, சட்டென்று முறிந்து, மறுபடி நேராக ஓடியது, எல்லாம் வெள்ளியில். பூவின் ஐந்து இதழும் ஐந்து முக்கோணமாகியிருந்தன. நாணலோ மூன்றே மூன்று கீறல்.

"தொண்ணூறு வருஷச் சரக்கு, டீச்சர்," என்றான் அகாஹோரி, கிமோனோ கட்டிவிடுபவளை ஊர் அழைக்கும் மரியாதையில். "ஷோவா மன்னர் காலத்து ஆரம்பம். ஒரு பெரிய வீட்டுக் கிடங்குலேர்ந்து மொத்தமா வந்துச்சு. அந்தக் காலத்துலயே எவனோ ஒருத்தன் எவ்வளவு துணிச்சலா வரைஞ்சிருக்கான் பாருங்க."

புதுமை என்ற பெயரில் இந்த நாளில் நடக்கும் கூத்தெல்லாம் மிசாவோவுக்குக் குமட்டும். கிமோனோவில் மண்டையோடு, சிறுத்தைப் புள்ளி, ஓரத்தில் ஜன்னல் திரையைக் கிழித்துத் தைத்தது போல லேஸ். ஆனால் இது வேறு. பழசும் புதுசும் சண்டை போடாமல் ஒரே ஓரத்தில் உட்கார்ந்திருந்தன. அவள் மனசு உருகிவிட்டது. உருகினவள் சும்மா இருந்தாளா? கடையின் விளம்பரப் புத்தகத்துக்குப் படம் எடுத்துக்கொள்ளச் சம்மதித்தாள். படத்துக்குக் கீழே, "முப்பது வருடம் துணி தொட்ட கை சொல்கிறது, இது அசல்" என்று அச்சானது. சமூகக் கூடத்தில் நாற்பது பெண்களை உட்கார வைத்து, அந்தக் காலத்து ஓவியன் ஓடும் நீரை எப்படி நேராக்கினான் என்று ஒரு மணி நேரம் விளக்கினாள். பெட்டிக்குள் அகாஹோரி போட்டு வைத்திருந்த சந்தனப் பையைக்கூட, "எவ்வளவு நாகரிகம்!" என்று பாராட்டினாள்.

ஜூன் தொடங்கி அந்த வகைத் துணியை ஒன்பது தாய்மாருக்குக் கட்டிவிட்டாள். பத்தாவது, திருமதி குரேபாயாஷி.

ஆகஸ்ட் கடைசிச் சனிக்கிழமை. புயல் எங்கேயோ கடலில் சுற்றிக்கொண்டிருக்க, ஊரில் காலையிலிருந்தே ஓயாத மழை. மண்டபத்து இரண்டாம் மாடி உடைமாற்றும் அறையில் ஏசி சத்தம் போட்டதே தவிரக் குளிரவில்லை. பதினொன்றரைக்குக் குடும்பப் படம், பன்னிரண்டுக்குச் சடங்கு.

திருமதி குரேபாயாஷி மணமகனின் தாய். அறுபத்தோரு வயது. பள்ளிக்கூடச் சமையலறையில் முந்நூறு பிள்ளைகளுக்குச் சமைப்பவள். முன்கை நெடுகச் சூடு பட்ட தழும்புகள். கணவர் போன வருடம் வசந்தத்தில் போய்ச் சேர்ந்துவிட்டார். பெண் வீட்டார் பியானோ உதிரிபாகத் தொழிற்சாலை வைத்திருப்பவர்கள்.

"மண்டபத்துலயே ஒண்ணு குடுக்கறேன்னாங்க, டீச்சர். நான்தான் வேண்டாம்னேன்," என்றாள் கைகளை விரித்து நின்றபடி. "அந்தப் பக்கம் எல்லாரும் பெரிய இடம். நான் ஒருத்தி பிளாஸ்டிக் பட்டு கட்டிக்கிட்டு நின்னா, பையனுக்குத்தானே தலைகுனிவு? அப்பத்தான் உங்க படத்தைப் பார்த்தேன். இந்த முகம் பொய் சொல்லாதுன்னு எடுத்துட்டேன்."

"அம்மா, கொஞ்சம் மூச்சை இழுத்துப் பிடிங்க," என்றாள் மிசாவோ. முடிச்சு போடும்போது பேச்சு அவளுக்குப் பிடிக்காது. இருந்தாலும் அந்த வார்த்தை இனித்தது.

இடுப்புக் கயிறு, மார்புக் கயிறு, அதன்மேல் பட்டை, அதன்மேல் வெள்ளி இழையோடிய ஓபி என்ற அகலக் கச்சை. மிசாவோ போட்ட முடிச்சு இரவு பன்னிரண்டானாலும் நழுவாது என்று ஊரே சொல்லும். ஓபியை முதுகில் உயர்த்திக் கட்டி, முடிச்சைத் தாங்கும் உள் திண்டின் கயிற்றை முன்பக்கம் ஆழமாகச் செருகி, இரண்டடி பின்னால் வந்து பார்த்தாள். அழகாகத்தான் இருந்தது. சமையற்கட்டுப் பெண்மணி ஒரு சீமாட்டி போல நின்றாள்.

அப்போதுதான் மூக்கு விழித்துக்கொண்டது.

முதலில் சந்தனம். அது பெட்டிக்குள் கிடந்த பையின் வாசம். உடம்புச் சூடு ஏற ஏறச் சந்தனம் மெலிந்து, அதன் அடியிலிருந்து வேறொன்று மெல்ல எழுந்தது. ஊதுவத்தி. கடையில் பரிசுக்கு வாங்கும் ரகம் இல்லை. மூடிய கூடத்தில் ஐம்பது பேர் வரிசையாக வந்து தூபப்பொடியைச் சாம்பல் மேல் தூவித் தூவி, அந்தப் புகையில் நாள் முழுக்க உட்கார்ந்திருந்த துணியில் ஏறும் வாசம். ஒருவர் வீட்டில் அல்ல, பல வீடுகளில். ஒரு வருடம் அல்ல, பல வருடம். இழவு வாசம்.

இந்த வாசம் ஜூலையிலும் ஒருதரம் அவள் மூக்கில் பட்டதுதான். "சந்தனம் கொஞ்சம் தூக்கலோ" என்று அப்போது தனக்குத் தானே சொல்லிக்கொண்டு விட்டுவிட்டாள். அது இப்போது நினைவுக்கு வந்து சுட்டது.

முதுகைப் பார்த்தாள். வாடகைத் துணியில் அவரவர் குலச்சின்னத்தை ஒட்டித் தருவது சகஜம். குரேபாயாஷி வீட்டு மூன்று ஓக் மர இலைச் சின்னம் வேர்வையில் ஓரம் பெயர்ந்து நின்றது. அழுத்தி ஒட்டப் போனவள், அடியில் இருந்த பழைய சின்னத்தைப் பார்த்தாள். குறுக்கே பின்னிய இரண்டு பருந்திறகு. சரி, பழைய துணி, வேறு குடும்பம். அதில் தப்பில்லை. ஓரத்தைச் சரிசெய்வது போல மண்டியிட்டு, தையலை விரலால் பிரித்துப் பார்த்தாள்.

ஓரச் சித்திரம் என்பது தைப்பதற்கு முன்பே சாயமேற்றுவது. தையலைப் பிரித்தால் உள்ளே மடங்கிய துணியிலும் ஓடை ஓட வேண்டும், பூவின் மிச்ச இதழ் இருக்க வேண்டும். இங்கே தையலின் விளிம்போடு வெள்ளி நின்றுவிட்டது. உள்ளே மொட்டைக் கறுப்பு. நகத்தால் ஒரு முக்கோணத்தைச் சுரண்டினாள். தொண்ணூறு வருடத்துப் பூ பொடிப்பொடியாக விரலில் ஒட்டிக்கொண்டு வந்தது.



ஐந்து சின்னம் போட்ட கறுப்புக் கோடைப் பட்டு, ஓரத்தில் சித்திரம் இல்லை என்றால் அது இழவு ஒன்றுக்குத்தான். பச்சைக் குழந்தைக்கும் தெரியும். கல்யாணத்தை வெயிலுக்குப் பயந்து இலையுதிர் காலத்துக்குத் தள்ளிப் போடுவார்கள். அதனால் கல்யாணக் கோடைப் பட்டு ஊருக்கு ஒன்று கிடைத்தாலே அதிசயம். சாவு வெயில் பார்த்து வருவதில்லை. அதனால் இழவுக் கோடைப் பட்டு வீட்டுக்கு ஒன்று பெட்டியில் கிடக்கும். ஒரே கிடங்கிலிருந்து மூட்டையாகக் கல்யாணப் பட்டு வந்தது என்று அவன் சொன்னபோதே அவளுக்கு உறைத்திருக்க வேண்டும். புகழ்ச்சி மூக்கை அடைத்துவிட்டது.

"ஒரு ஊசி எடுத்துட்டு வந்துடறேன், அம்மா," என்று சொல்லிவிட்டுப் படிக்கட்டுக்கு ஓடி, கைபேசியில் அகாஹோரியைப் பிடித்தாள்.

"அது இழவுத் துணிதானே?" என்றாள் எடுத்த எடுப்பில்.

அந்தப் பக்கம் சிரிப்பு. "டீச்சர் மூக்குக்கு எதுவும் தப்பாதுன்னு எனக்குத் தெரியும். இவ்வளவு நாள் ஆச்சேன்னுதான் ஆச்சரியம்."

"ஓடையை யார் வரைஞ்சது?"

"நம்ம பின்கட்டுல ஒரு பொண்ணு இருக்கா. டிசைன் படிச்சவ. அட்டையை வெட்டி வெச்சு, வெள்ளிப் பெயின்ட் அடிப்பா. ஒரு மதியத்துல ரெண்டு முடிச்சுடுவா. நீங்க சமூகக் கூடத்துல பேசினதைக் கேட்டுட்டு அவளுக்கு ஒரே சிரிப்பு, சந்தோஷத்துல."

மிசாவோவின் காது மடல் கொதித்தது. "அகாஹோரி, உனக்கு அருவருப்பா இல்ல? செத்த வீட்டுல கட்டி அழுத துணியை, மகனுக்குக் கல்யாணம் பண்ற அம்மா உடம்புல சுத்தச் சொல்றியே!"

"டீச்சர், துணிக்கு என்ன ஞாபகமா இருக்கு? சாவுக்குப் போற காரும் கல்யாணத்துக்குப் போற காரும் ஒரே கம்பெனிதான். டிரைவரும் ஒருத்தன்தான், டைதான் மாத்திக்கறான். யாரும் தொடாத கறுப்புத் துணி வருஷத்துக்கு டன் கணக்குல எரியுது. நான் அதுக்கு மறுபிறவி குடுக்கறேன். புண்ணியம்."

"நாறுது!"

"சந்தனம் அடிக்கச் சொல்லுங்க." அவன் குரல் கொஞ்சம் இறங்கியது. "அந்த அம்மா விதவைதானே? அவங்க வீட்டு ஊதுவத்தி வாசம்தான், தலையில ஒட்டிக்கிச்சுன்னு சொல்லிடுங்க. நம்பிடுவாங்க. அப்புறம் இன்னொண்ணு, டீச்சர். கூச்சல் போட்டா என் பேர் மட்டும் கெடாது. அசல்னு விளம்பரத்துல சிரிக்கறது நான் இல்ல."

மிசாவோ கைபேசியை அணைத்தாள். சாக்கடையில் கைவிட்டது போல இருந்தது. கைபேசியைக் கைக்குட்டையால் துடைத்தாள். இவனையெல்லாம் செருப்பால் அடிக்க வேண்டும் என்று நினைத்தாள். விதவையின் மேல் பழியைப் போடவாம்! போய் உடனே சொல்லிவிடுவது என்று முடிவு செய்துகொண்டுதான் படியேறினாள். அது மட்டும் உண்மை.

அறையில் திருமதி குரேபாயாஷி கண்ணாடி முன் தலையைச் சாய்த்து, தன் தோளையே முகர்ந்துகொண்டிருந்தாள். மிசாவோவைக் கண்டதும் முகம் சிவந்துவிட்டது.

"டீச்சர், மன்னிச்சுக்கோங்க. ஊதுவத்தி வாசம் வருதுல்ல? என் மேலதான். காலையில அவர் படத்துக்கு முன்னாடி உட்கார்ந்து, இன்னிக்கு நம்ம தகுமாவுக்குக் கல்யாணம், நீங்களும் வாங்கன்னு சொல்லிட்டு வந்தேன். ரெண்டு வத்தி கூடவே ஏத்திட்டேன். தலையில ஒட்டிக்கிச்சு போல. ச்சே, நல்ல நாளும் அதுவுமா... உங்களுக்குக் கஷ்டமா இருந்திருக்கும்."

சொல்ல வேண்டிய இடம் அதுதான். வாய் திறந்தால் போதும். ஆனால் சொன்னால் என்ன ஆகும்? நாற்பது நிமிடத்தில் வேறு நல்ல பட்டு வராது. ஒன்பது தாய்மாரும் கேட்பார்கள், ஊர் கேட்கும். நாற்பது பெண்கள் உட்கார்ந்து குறிப்பெடுத்த ஓடை, பின்கட்டுப் பெண்ணின் அட்டைக்கூத்து என்று தெரிந்தால், மிசாவோ இனி யார் வீட்டு வாசலை மிதிப்பாள்?

"மழை நாள் இல்லையா," என்றாள் மிசாவோ. "வாசம் அப்படித்தான் தங்கும். போயிடும், அம்மா."

சொன்ன பிறகுதான் தெரிந்தது, அகாஹோரி எழுதிக் கொடுத்த வசனத்தைத்தான் பேசியிருக்கிறாள் என்று. அவனாவது பல்லைக் காட்டிக்கொண்டு சொன்னான். இவள் பணிவாகத் தலை குனிந்து சொன்னாள்.

கதவைத் தட்டிவிட்டு, பதிலுக்குக் காத்திராமல் பெண்ணின் அத்தை சுமாகோ உள்ளே வந்தாள். பெண்ணின் அப்பாவுக்கு அக்கா. தொழிற்சாலைக் குடும்பத்தில் அவள் சொன்னதுதான் சட்டம். அவள் உடுத்தியிருந்தது அசல் கோடைப் பட்டு, ஓரத்தில் வழக்கமான பாணியில் நெளிந்தோடும் நீர்.

"சம்பந்தியம்மா, என்ன அழகு!" என்று ஆரம்பித்தவள், இரண்டடி நெருங்கியதும் நின்றாள். மூக்குச் சுருங்கியது. "இது என்ன வாசம்?"

"என் மேலதான் வருது," என்றாள் குரேபாயாஷி. "காலையில அவர் படத்துக்கு முன்னாடி..."

"ஓ." சுமாகோ கைக்குட்டையை எடுத்து மூக்கருகே பிடித்துக்கொண்டாள். "உங்க மனசு புரியுது. தப்பா நினைக்காதீங்க. ஆனா எங்க பொண்ணு இன்னிக்குத்தான் வாழப்போறா. முதல் அடி எடுத்து வைக்கறப்பவே இப்படி ஒரு வாசம்னா... எங்க பக்கத்துப் பெரியவங்க வாயைச் சும்மா வெச்சிருக்க மாட்டாங்க. படம் எடுக்கறப்ப பொண்ணு பக்கத்துல வேண்டாம். கொஞ்சம் ஓரமா நின்னுக்குங்களேன்."

"நின்னுக்கறேன். ஒரு நிமிஷம் இருங்க, தலையைத் துடைச்சுட்டு வந்துடறேன்."

காலை ஏழு மணிக்கு வந்து அலங்காரக்காரி வாரிக் கட்டிய கொண்டை அது. குரேபாயாஷி பக்கத்துக் கழுவறைக்குப் போனாள். கதவு சாத்தியும் சாத்தாமலும் இருந்தது. துவாலையை நனைத்துப் பிழிந்து, உச்சியிலிருந்து தேய்த்தாள். முகர்ந்து பார்த்தாள். மறுபடி தேய்த்தாள். துணியிலிருந்து வரும் வாசம் தலையைத் தேய்த்தால் போகுமா? கொண்டை சரிந்தது, ஊசிகள் தொட்டியில் விழுந்தன. பாத்திரம் துலக்கிப் பழகிய அந்தக் கைகள் நிறுத்தவே இல்லை. மிசாவோ கதவருகில் துவாலையும் கையுமாக நின்று பார்த்துக்கொண்டிருந்தாள். நின்று பார்த்தாள், அவ்வளவுதான். தன்னைப் போல ஒரு இழிந்த ஜென்மத்தை அவள் அதுவரை பார்த்ததில்லை.

ஈரத் தலையோடு குரேபாயாஷி வெளியே வந்தாள். நரைத்த முடி காதோரம் ஒட்டியிருந்தது.

"இன்னும் வருதா?" என்று கேட்டாள் சுமாகோவிடம்.

சுமாகோ நேர்மையான மனுஷி. "வருது," என்றாள்.

குரேபாயாஷி தலையை ஆட்டிக்கொண்டாள். "அப்ப நான் படத்துல வேண்டாம். வயிறு சரியில்லைன்னு சொல்லிடுங்க. சடங்கப்ப கடைசி வரிசையில உட்கார்ந்துக்கறேன். தகுமாகிட்ட மட்டும் காரணம் சொல்லாதீங்க. அப்பா நினைப்பு வந்துடும் அவனுக்கு."

"உங்க மேல இல்ல," என்றாள் மிசாவோ.

இருவரும் திரும்பினார்கள். மிசாவோ இருமிவிட்டு மறுபடி சொன்னாள். "வாசம் உங்க மேல இல்ல, அம்மா. துணியில. இது இழவுத் துணி. யாரோ வருஷக்கணக்கா சாவுக்குக் கட்டினது. ஓடையும் பூவும் இப்பப் பெயின்ட் அடிச்சது. பழசும் இல்ல, அசலும் இல்ல."

முதுகுப் பக்கம் போய், பெயர்ந்து நின்ற சின்னத்தை உரித்தாள். ஓக் இலைச் சின்னம் கையோடு வந்தது. பருந்திறகு வெளியே தெரிந்தது. குனிந்து ஓரத் தையலைப் பிரித்து சுமாகோவுக்குக் காட்டினாள்.

"சீ!" என்றாள் சுமாகோ. கைக்குட்டை கீழே விழுந்தது. அடுத்த கணம் அவள் முகம் மாறியது. "ஐயோ, சம்பந்தியம்மா. நான் என்ன பேச்சுப் பேசிட்டேன்."

குரேபாயாஷி கண்ணாடியில் தன்னையே பார்த்தாள். கறுப்புப் பட்டு, வெள்ளி ஓடை, ஈரத் தலை. கத்தவில்லை, அழவில்லை. கண்ணாடிக்குள்ளிருந்தே மிசாவோவைப் பார்த்துக் கேட்டாள்.

"உங்களுக்கு எப்பத் தெரிஞ்சது, டீச்சர்?"

இப்போதுதான் என்று சொல்லியிருக்கலாம். நம்பியிருப்பாள். பொய் சொல்லாத முகமாயிற்றே.

"நீங்க தலையைத் துடைக்கப் போறதுக்கு முன்னாடியே," என்றாள் மிசாவோ.

மிசாவோ முடிச்சை அவிழ்க்க முன்னால் வந்து, கையை நீட்டினாள்.

"தொடாதீங்க," என்றாள் குரேபாயாஷி.

அவளே ஓபியின் பின்பக்கம் கையைக் கொண்டுபோனாள். எட்டவில்லை. சுமாகோ தன் அசல் பட்டைப் பற்றிக் கவலைப்படாமல் தரையில் மண்டியிட்டாள். அவளுக்கும் கட்டிவிட ஆள் உண்டே தவிர, அவிழ்த்துப் பழக்கமில்லை. திண்டுக் கயிறு எங்கே என்று தேடித் தேடி விரல் சிவந்தது.

"இது எங்கேதான் முடிஞ்சிருக்கு?" என்றாள் அத்தை எரிச்சலோடு.

"முன்பக்கம், ஓபிக்குள்ள, ஆழமா," என்றாள் மிசாவோ. அவளைச் சுவர்ப் பக்கம் திரும்பி நிற்கச் சொல்லியிருந்தார்கள். "அடுத்தது இடது மார்புக்குக் கீழ. அதுக்கு அடியில இன்னொண்ணு. ரெண்டு சுத்து உள்ளே செருகியிருக்கேன்." நழுவாத முடிச்சுகள். ஒவ்வொன்றையும் அவிழ்க்க அந்த இரண்டு பெண்களும் மல்லாடினார்கள். கடைசிக் கயிறு இழுபட்டதும் பட்டு தரையில் விழும் சத்தம் கேட்டது. யாரும் அதை எடுக்கவில்லை.

குரேபாயாஷி காலையில் ரயிலில் வந்த சாம்பல் நிறக் கவுனை மாட்டிக்கொண்டாள். சுமாகோ தன் சீப்பால் அவள் ஈரத் தலையை வாரி, பின்னால் ஒரு ரப்பர் வளையம் போட்டாள். "பொண்ணுக்குப் பக்கத்துல நீங்க, உங்களுக்குப் பக்கத்துல நான். எவன் என்ன சொல்றான்னு பார்க்கறேன்," என்று கையைப் பிடித்துக்கொண்டாள்.

கதவருகில் குரேபாயாஷி நின்றாள். முறைப்படி மிசாவோவைப் பார்த்துத் தலை குனிந்தாள், அந்நியருக்குக் குனிவது போல அளவாக.

"செத்தவங்க துணின்னு எனக்கு அருவருப்பு இல்ல, டீச்சர். அவங்களும் யாரோ வீட்டு மனுஷங்கதான்," என்றாள். "அந்த வாசம் வந்தப்ப, காலையில கூப்பிட்டேனே, அவர் என்கூடவே வந்துட்டார் போலன்னு ஒரு நிமிஷம் சந்தோஷமா இருந்துச்சு. அப்புறம்தான் வெட்கம் வந்துச்சு. என் புருஷனைக் கழுவி விடறேன்னு நெனச்சுக்கிட்டேதான் தேய்ச்சேன். நீங்க துவாலையை வெச்சுக்கிட்டுப் பார்த்துக்கிட்டு நின்னீங்க."

கீழே படம் எடுப்பவன் மணமகன் வீட்டாரை அழைத்தான். இரண்டு பெண்களும் படியிறங்கிப் போனார்கள்.